எத்திராஜின் கைராசி

செல்கள் வளர்கிற பழைய மீடியத்தில் பாதியை உறிஞ்சி எடுக்க வேண்டும், புதியதில் அதே அளவு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. பதினேழு வருஷமாகச் செய்கிற வேலை, தூக்கத்தில் தட்டி எழுப்பிச் செய்யச் சொன்னாலும் எத்திராஜ் செய்துவிடுவார், ஆனால் இன்றைக்கு ஒன்பதாவது டிஷ்ஷிலேயே பிப்பெட்டின் முனை அடியைத் தொட்டுவிட்டது. தொட்ட இடத்தில் செல்கள் உரிந்து போயிருக்கும், மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நகக்கீறல் மாதிரி ஒரு வெற்றுத் தடம் தெரியும். அவர் வைத்துப் பார்க்கவில்லை. மூடிவிட்டுப் பத்தாவதை எடுத்தார். கிருமி வராமல் காக்கிற கண்ணாடி ஹூட்டுக்குள் காற்று ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். பதினோரு மணிக்கு இரண்டாவது மாடியில் அஜிதாவுக்கு மீட்டிங், அவள் பிஎச்.டி.யில் தொடரலாமா, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாமா என்று மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்கிற மீட்டிங். இருபத்தேழு டிஷ் பாக்கி. ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம் என்றாலும் முடித்துக் கையைக் கழுவிவிட்டு மேலே போக நேரம் இருக்கிறது, போவதென்றால். போவதென்றால் என்று நினைத்தவுடனே காது மடல் சுட்டது. எட்டு மாதமாக இந்தக் காது இப்படித்தான், லேபை நடத்துகிற வைஜயந்தி மேடம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னால் சுடும், மாடிப்படியில் அந்தப் பெண் எதிரே வந்தால் சுடும், வீட்டில் சோற்றைப் பிசையும்போது காரணமே இல்லாமல் சுடும். மனைவி ஒருநாள் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சலா என்றாள். ஆமாம் என்று சொல்லி ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டார். பொய்க்கு மாத்திரை போட்ட மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

காலையில் சைக்கிள் ஷெட் அருகே அவளே வந்து பேசினாள். இஸ்திரி போட்ட காட்டன் சுடிதார், நெற்றியில் இரண்டு பரு, கையில் பாட்டில். தக்கலைப் பக்கத்துப் பெண், நாலு வருஷம் சென்னையில் இருந்தும் பேச்சு மாறவில்லை. "அண்ணா, சாப்பிட்டாச்சா? எனக்கு ராத்திரி முழுக்க உறக்கமே இல்லண்ணா. வெளியில இருந்து வர்ற சார் என்னத்த கேப்பாரோ." அவர் என்ன சொன்னார்? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நல்லா பண்ணும்மா" என்றார். நல்லா பண்ணும்மா! பதினோராவது டிஷ்ஷின் மூடியைத் திறந்து கையில் வைத்தபடியே எத்திராஜ் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், அழுகின கடலையைக் கடித்த மாதிரி இருந்தது. எப்படி வந்தது அது? ஒரு தடங்கல் இல்லாமல், சிரித்த முகமாய், தலையைக்கூட ஆட்டி. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஷெட்டில் யாரும் இல்லை. பூட்டுப் போட்டுச் சாவியை எடுக்கிற நேரம் போதும். "அஜிதா, உன் கையில ஒரு குத்தமும் இல்லம்மா." ஆறு வார்த்தையோ ஏழு வார்த்தையோ, அவ்வளவுதான் இருக்கும், அதற்குப் பதிலாக இவர் வாயில் வந்தது நல்லா பண்ணும்மா.

கை. இந்தக் கையை வைத்துத்தான் எல்லாம். இந்த லேபில் யாரும் வெளியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள், ஆனாலும் உள்ளுக்குள் எல்லாருக்கும் கைராசியில் நம்பிக்கை உண்டு. ஒருத்தர் வைத்தால் செல் ஒட்டும், ஒருத்தர் வைத்தால் மிதக்கும். புதிதாக யாராவது வந்தால் முதல் டிஷ்ஷை எத்திராஜ் கையால் போட்டுத் தரச் சொல்வார்கள். வைஜயந்தி மேடம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் கண்ணாடிக்கு வெளியே நின்று, "இவர்தான் எங்க எத்திராஜ், இவர் கை பட்டா கல்லுகூட முளைக்கும்" என்பார், இவர் தலையைக் குனிந்துகொண்டு "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்பார். ஒன்றுமில்லையாவது, அன்றைக்கு முழுக்க நடையே வேறு மாதிரி இருக்கும். செய்யாற்றுப் பக்கத்தில் இருந்து வெறும் பி.எஸ்ஸி. விலங்கியலோடு வந்து, தினக்கூலியாகச் சேர்ந்து, கண்ணாடிப் பாத்திரம் கழுவி, ஆறு வருஷம் கழித்து நிரந்தரம் ஆன ஆளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மனைவி தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள், மூளை செல்லெல்லாம் இவர் கைக்குத்தான் வளருமாம் என்று. அயர்ன்காரர்கூட ஒருநாள் கேட்டார், சார், நீங்க மூளை டாக்டராமே? அதற்கும் இவர் மறுக்கவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று, பதிநான்கு. இந்த மூன்றும் சரியாக வந்தன.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அதை நினைக்கக் கூடாது என்று தினமும் நினைக்கிறார். வெளிநாட்டிலிருந்து, செல்களைப் பெருக வைக்கிற ஃபேக்டர் வந்திருந்தது, ஒரு வருஷத்துக்கு வேண்டியது, சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைப் பொடி. அதைக் கரைத்து நாற்பது குட்டி ட்யூபில் பிரித்து மைனஸ் எண்பது ஃப்ரீசரில் வைக்க வேண்டும், ஒரு ட்யூபை ஒரே ஒருதரம்தான் உருக்கலாம், மிச்சம் இருந்தாலும் திரும்ப வைக்கக் கூடாது. இந்த விதியை லேபுக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர், பிள்ளைகள் யாராவது மீறினால் காய்ச்சி எடுத்துவிடுவார். நாற்பதும் பிரித்தாயிற்று, ஐஸ் பக்கெட்டில் செருகியாயிற்று, ட்யூபுக்கெல்லாம் தேதி எழுதியாயிற்று. அப்போது போன். மச்சான் கோயம்பேட்டிலிருந்து கத்தினான், "மாமா, சீட்டு போட்டு வெச்சிருக்கேன், அரை மணியில வரலன்னா நின்னுட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்." ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தார். பையை எடுக்கப் போனார். பையில் கரும்புக்கு மடித்து வைத்த சாக்கு இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் நேராக கேட்டுக்கு நடந்துவிட்டார். மறதி என்றுகூடச் சொல்ல முடியாது, வேலை முடிந்துவிட்டது என்று கை நினைத்துவிட்டது, தேதி எழுதிய கை. போகி, பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல், எதிலும் ஞாபகம் வரவில்லை. வியாழக்கிழமை காலை கல்ச்சர் ரூம் கதவைத் திறந்தால் ஏ.சி. இல்லாமல் உள்ளே புழுக்கம், மேஜை மேல் அந்த நீல பக்கெட். ஐஸ் எல்லாம் தண்ணீராகி, தண்ணீர் வெதுவெதுப்பாகி, நாற்பது ட்யூபும் சின்னச் சின்ன மீன் மாதிரி மிதந்தன. ஆறு நாள். விரலை விட்டுப் பார்த்தார், குளிக்கிற பதம். யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, டிஷ்யூ பேப்பரில் துடைத்து, பெட்டியில் அடுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒருவேளை கெட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டார். பார்க்க அதே மாதிரிதானே இருந்தது, தண்ணீர் மாதிரி, நிறமில்லை, மணமில்லை. பால் என்றால் திரிந்துவிடும், ஊருக்கே தெரியும். இது வெளியே எதையும் காட்டிக்கொள்ளாமல் செத்துப்போகிற சாமான்.

பதினெட்டு. பத்தொன்பது. இந்த டிஷ்களில் இருப்பது குட்டி எலி மூளையிலிருந்து எடுத்த இளம் செல்கள். வளர்ந்து ஆளானால் இவைதான் நரம்பைச் சுற்றி உறை போடும், வயர் மேல் பிளாஸ்டிக் சுற்றின மாதிரி, உறை இருந்தால்தான் சேதி வேகமாய் ஓடும், உறை கழன்றவர்களுக்குக் காலும் கண்ணும் தடுமாறும். ஆனால் இவை தாமாக ஒன்றும் செய்யாது. அக்கம்பக்கத்து செல்கள் விடுகிற ரசாயனச் சேதிக்குக் காத்திருக்கும். ஒரு சேதி, பெருகு, இப்போது முதிராதே என்று சொல்லும், அதுதான் அந்த ஃபேக்டர். தைராய்டு ஹார்மோன் மாதிரி இன்னொன்று வந்து, பெருகினது போதும், இனி முதிர் என்று சொல்லும். முதல் சேதி நின்றுபோனால் இரண்டாவதற்காகக்கூட அவை காத்திருப்பதில்லை, கிடைத்த நாலு பேரோடு அவசர அவசரமாகக் கையைக் காலை நீட்டி முதிர்ந்து, சுற்றிக்கொள்ள ஒரு நரம்பும் கிடைக்காமல் நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். நீட்டின கையைத் திரும்ப மடக்கிக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரியாது. எத்திராஜுக்கு இதெல்லாம் புத்தகத்தில் தெரிந்ததில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்தது. நரம்பு செல் விடுகிற ஒரு பொருளை அஜிதா கண்டுபிடித்திருந்தாள், அதைப் போட்டால் இவை முதிர்கின்றன, போடாவிட்டால் இளசாகவே இருக்கின்றன. நவம்பரில் மூன்றுதரம் செய்து மூன்றுதரமும் வந்தது. மேடம் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். பொங்கலுக்கு அப்புறம் போட்டாலும் முதிர்ந்தன, போடாவிட்டாலும் முதிர்ந்தன, ஒரு வித்தியாசமும் இல்லை, வாரக் கடைசியில் இரண்டு பக்கமும் காலி. முதல்தரம் அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணா, இங்க வந்து பாருங்களேன், ஒண்ணும் போடாத கன்ட்ரோலும் முதிர்ந்துட்டு" என்று கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். பார்த்த நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. "டிஷ் மாத்தி வெச்சிருப்பியோ?" என்றார்.

டிஷ் மாத்தி வெச்சிருப்பியோ. அவர் சொன்னதுதான், வேறு யாரும் இல்லை. அந்த விதையை இந்த வாய்தான் போட்டது. மற்றவர்கள் எல்லாரும் நரம்பு செல்லில் வேலை செய்கிறவர்கள், அந்த ஃபேக்டரைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான், அதனால் அவள் டிஷ் மட்டும்தான் கெட்டது, அதனால் அவள் கை. ஐந்துதரம் தோற்றாள். ஐந்தாவதுதரம் ராத்திரி பத்து மணிவரை இருந்து, ஒவ்வொரு டிஷ்ஷிலும் நெய்ல் பாலிஷில் புள்ளி வைத்து அடையாளம் போட்டுச் செய்தாள். அப்படியும் போயிற்று. மேடம் கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர். இவரைக் கூப்பிட்டு, "எத்திராஜ், நீங்க ஒருதரம் போட்டுப் பாருங்க, ஃபேக்டர்ல கோளாறா, கையில கோளாறான்னு தெரிஞ்சுபோகும்" என்றார். இருபத்திரண்டாவது டிஷ் கையில் இருந்தது, எத்திராஜ் அதைக் கீழே வைத்தார். இந்த இடத்துக்கு வந்தால் எப்போதும் கை நின்றுவிடும். மறந்தது மனுஷத் தப்பு. பயத்தில் திரும்ப உள்ளே வைத்தது, சரி, அதுவும் தப்புதான், மன்னித்துக்கொள்ளலாம் என்று ஒரு நாளைக்குத் தோன்றும். ஆனால் அன்றைக்கு ஃப்ரீசரைத் திறந்து, புதுப் பெட்டியைத் தள்ளிவிட்டு, பின்னால் பனி மூடிக் கிடந்த போன வருஷத்துப் பெட்டியிலிருந்து கடைசி ட்யூபை எடுத்தாரே, அது? யாரும் சொல்லவில்லை, யாரும் விரட்டவில்லை. தன் கையில் டிஷ் கெட்டுப்போகக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனசில் இருந்தது. அஜிதாவின் பொருளைப் போடாமல் வெறும் ஃபேக்டரோடு வைத்த அவருடைய டிஷ் தங்கமாக வந்தது, செல்கள் இளசாகவே நின்றன. மேடம் அஜிதாவைக் கூப்பிட்டு, இவர் பக்கத்தில் நிற்கும்போதே, "பாத்தியாம்மா, அதே ஃபேக்டர், அதே எலி, கைதான் வேற" என்றார். அந்தப் பெண் அழவில்லை. "அண்ணாவுக்க கை வேற கையாக்கும் மேடம்" என்று சிரித்தாள். வாயைத் திறக்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டு எலிக்கூண்டு நம்பர் எழுதின சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் கடைசியில் அவரே எழுதிக் கொடுத்துப் புது ஃபேக்டர் வாங்கினார், நல்லதை. அதற்குள் அவள் பரிசோதனையை நிறுத்தி, செல்களை மட்டும் இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளைக் கல்ச்சர் ரூமிலிருந்து எடுத்து கம்ப்யூட்டரில் படம் எண்ணுகிற வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதோடு போயிருந்தால்கூட இவர் மென்று முழுங்கியிருப்பார், எட்டு மாதம் முழுங்கினவருக்கு இன்னும் கொஞ்சம் முழுங்குவதா கஷ்டம். ஆனால் போன வாரம் மேடம் அறையில் ஏ.சி. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றப் போனபோது காதில் விழுந்தது. வெளியிலிருந்து வருகிற புரொஃபசர் கடிதம் போட்டிருக்கிறாராம், ஜனவரியிலிருந்து ஒருதரம்கூட வராத ரிசல்ட் நவம்பரில் மட்டும் மூன்றுதரம் எப்படி வந்தது, அந்தப் படங்கள் நிஜமா என்று. நிஜமா என்றால் என்ன அர்த்தம்? கை சரியில்லை என்பது ஒரு சொல், பொய் சொன்னாள் என்பது வேறு சொல், அது ஒட்டினால் உரியாது. பொய் சொன்னவன் பேட்டரி மூடியைப் போடத் தெரியாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான்.

இருபத்தெட்டு. பத்தே முக்கால். சொல்லலாம், எப்படிச் சொல்வது என்று ஒரு வழி இருந்தால். ஃப்ரீசர் நடுவில் நின்றுபோயிருக்கிறது மேடம், இன்றைக்குத்தான் கவனித்தேன் என்று சொல்லலாம். மின்வெட்டு மேல் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள், மின்வெட்டு வந்து இல்லை என்று சொல்லுமா. அல்லது பழைய பெட்டியும் புதுப் பெட்டியும் மாறியிருக்கும் போல, எனக்கு நேற்றுத்தான் சந்தேகம் வந்தது என்று. நேற்றுத்தான். இந்த நேற்றுத்தான் என்கிற வார்த்தை வழவழவென்று இருந்தது. அதைச் சொன்னால் அஜிதாவும் பிழைப்பாள், இவரும் பிழைப்பார், மேடம்கூட, நல்லவேளை கண்டுபிடிச்சீங்க எத்திராஜ் என்பார். கண்டுபிடித்ததற்குப் பாராட்டு! அதை நினைத்ததும் சின்னதாய் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, எட்டிப் பார்த்ததே, அதை நினைத்துத்தான் முகம் முழுக்கத் தீப்பிடித்தது, மாஸ்க்குக்குள் மூச்சு முட்டியது. சே, நீயெல்லாம் ஒரு மனுஷனா. எதற்கு இவ்வளவு பயம்? வேலை போகுமா? போகாது, நிரந்தர வேலை, அதிகம் போனால் ஒரு மெமோ. வேலை போகும் என்றாலாவது பிள்ளைகுட்டிக்காரன் என்று ஒரு நியாயம் இருக்கும். போகப்போவது அந்த ஒரு வார்த்தைதான், இவர் கை பட்டா கல்லுகூட முளைக்கும், அதுதான் போகும். அந்தக் கால் காசு பெறாத புகழ்ச்சிக்கு ஒரு பெண்ணின் நாலு வருஷத்தை விலையாகக் கொடுத்துவிட்டு, காலையில் ஷெட்டில் நின்று, நல்லா பண்ணும்மா. முப்பத்தி ஒன்று. முப்பத்தி இரண்டு. மற்ற நாலையும் அவர் தொடவில்லை. இன்குபேட்டர் கதவு திறந்தே கிடக்கப் படியேறினார்.

மீட்டிங் அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். பின்பக்கக் கதவு வழியாக நுழைந்து சுவரோரம் நின்றார். புரொஜெக்டர் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து மேடம் தலையை மட்டும் அசைத்தார். மேஜையில் மேடமும், நரம்பு செல் பார்க்கிற ஒரு சாரும், வெளியிலிருந்து வந்த வெள்ளைத் தாடி புரொஃபசரும். அஜிதா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள், குரல் மட்டமாக, மனப்பாடம் பண்ணின மாதிரி. ஜனவரியிலிருந்து வந்த தோல்விகளுக்கு நான்தான் பொறுப்பு, என் கையாளுகையில் குறை. ஃபேக்டரில் குறை இல்லை என்பதற்கு ஆதாரம், அதே ஃபேக்டரை வைத்து எத்திராஜ் அண்ணா செய்த பரிசோதனை. திரையில் அவருடைய டிஷ், தங்கமாக வந்த டிஷ், சுவர் அளவுக்குப் பெரிதாக நின்றது, கீழே அவர் பெயர். தாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழிலேயே, கோபமில்லாமல் கேட்டார், "அப்போ உங்க நவம்பர் ரிசல்ட்ட நாங்க நம்பலாமா, வேணாமாம்மா?" அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். "எனக்கே தெரியல சார்" என்றாள்.

"நம்பலாம் சார்" என்று எத்திராஜ் சொன்னார். சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை. "அந்தப் பொண்ணு கையில குத்தமில்ல. ஃபேக்டர் செத்துப்போச்சு. நான்தான் பொங்கல் லீவுக்குப் போறப்ப வெளியில வெச்சிட்டுப் போயிட்டேன், ஆறு நாள் கெடந்துச்சு, வந்து தொடச்சி உள்ள வெச்சேன். நான் பண்ணிக் காட்டினது அந்த ஃபேக்டர்ல இல்ல மேடம், போன வருஷத்து ட்யூபுல. கெட்ட ட்யூபு முப்பத்தி ரெண்டு இன்னும் கீழ்த் தட்டுல இருக்கு, யார் வேணா எடுத்துப் பாக்கலாம்." மேடம், "எத்திராஜ், என்ன பேசறீங்க நீங்க" என்று பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாடிக்காரர் தன் எதிரில் இருந்த தாளில் எதையோ கோடு போட்டு அடித்தார். நரம்பு செல் சார் எழுந்து போய் விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் எல்லார் முகமும் இவர் பக்கம் இருந்தது, அவருக்கு அஜிதா முகம் மட்டும்தான் தெரிந்தது. சந்தோஷப்படுவாள் என்று எட்டு மாதத்தில் ஒரு நாளாவது நினைத்திருப்பார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்களுக்கு எப்பம் இருந்து தெரியும்ணா?"

நேற்றுத்தான் என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் கூப்பிட்டு டிஷ்ஷைக் குனிந்து பார்த்த நாளைச் சொல்லலாம், அதுவும் பாதி நிஜம்தான், அதுவரை வெறும் சந்தேகம்தானே. "வியாழக்கெழமையிலேர்ந்தும்மா" என்றார் எத்திராஜ். "பொங்கல் முடிஞ்ச வியாழக்கெழம காலையிலேர்ந்து."

மேடம், "அஜிதா, நீ உக்காரும்மா, இது போதும்" என்றார். "இல்ல மேடம், இன்னும் ஒரு ஸ்லைட் இருக்கு" என்று சொல்லி அவள் விசையைத் தட்டினாள். திரையில் நன்றி என்று மேலே பெரிதாகவும் கீழே நாலு பெயர்களும் வந்தன. முதல் பெயர் எத்திராஜ் அண்ணா, பக்கத்தில், எனக்குச் செல்களைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவர் என்று அவளே தமிழில் அடித்திருந்தாள். அதை மாற்றவோ மறைக்கவோ அவள் ஒன்றும் செய்யவில்லை, மற்றவர்களைப் போல அவளும் திரும்பி நின்று வாசித்தாள். எத்திராஜ் உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை, அவர்கள் வாசித்து முடிக்கிறவரை சுவரோரமாகவே நின்றார்.